சைனீஸ் ஹோட்டலில் புளிசோறு

என் வயசுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். ஏசி காற்று உங்கள் முகத்தில் முதன்முதலாகப் பட்டது எங்கே? சிலருக்கு பேங்கில் பட்டிருக்கும். சிலருக்கு வேலூரில் ஏதாவது ஆஸ்பத்திரியில். நம் ஊர் சினிமா தியேட்டரில் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், அங்கே ஃபேன் ஓடினாலே பெரிய விஷயம். எனக்கு அது செங்கம் ரோட்டில், ஒரு லாட்ஜின் முதல் மாடியில், சைனீஸ் ரெஸ்டாரண்ட்டின் கருப்புக் கண்ணாடிக் கதவைத் திறந்தபோது பட்டது. சில்லென்று முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாசனை, பூண்டும் வினிகரும் புதுக் கம்பளமும் கலந்த மாதிரி. இன்றைக்கும் புதுக் கம்பளம் விரித்த ஹாலுக்குள் நுழைந்தால் எனக்கு வயிறு ஒரு தரம் கலங்கும். அப்புறம் தானாகச் சரியாகிவிடும்.

கலங்குவதற்கும் காரணம் உண்டு, சரியாவதற்கும் காரணம் உண்டு. ஐம்பதைத் தொடப்போகிறோம், முட்டி வலிக்கிறது, கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்க முடியவில்லை. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

மாவட்டம் பிரிந்த புதிது. திருவண்ணாமலைக்கென்று கலெக்டர் வந்துவிட்டார், அவருக்குக் கீழே ஜீப்பில் போகிற அதிகாரிகள் வந்துவிட்டார்கள். இவர்கள் எல்லாரும் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் கவலைப்பட்டு அந்த ரெஸ்டாரண்ட்டைத் திறந்தார். ஒரு கார்த்திகை தீபத்துக்குத் திறந்தது, அடுத்த தீபத்துக்குள் மூடியாகிவிட்டது. நடுவில் இருந்த காலத்தில் அது ஊருக்கே அதிசயம். கூரையிலிருந்து சிவப்புக் காகித விளக்குகள் தொங்கும். சுவர் முழுக்க ஒரு டிராகன், நெருப்பைக் கக்கிக்கொண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அது சீனத்துப் பாம்பு. வாசலில் ஒரு பலகை: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய வட்ட மேசை. அதன் நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு சுற்றும். வேண்டிய கிண்ணத்தை நம் பக்கம் சுற்றிக்கொள்ளலாம். இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். டிராகன் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், வால் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பூர்வீகம் அடி அண்ணாமலை. தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர்கள். அப்பாதான் முதன்முதலில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கியவர், கலெக்டர் ஆபீஸில் கிளார்க். ஒரு அதிகாரியின் பிரிவு உபசார விருந்துக்கு அந்த ரெஸ்டாரண்ட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. சூப்பில் முட்டையை நூல் நூலாக விடுகிறார்களாம். கோழியைப் பார்த்தால் கோழி மாதிரியே இருக்காதாம்.

"கோழி மாதிரி இல்லன்னா அப்பறம் அது இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா.

அந்த வருஷம் தை பிறந்ததும் அக்காவுக்கு வரன் பார்க்கிற பேச்சு வந்தது. அக்கா வேலூரில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், பாதிப் படிப்பு தாண்டியிருந்தது. அவளைச் சேர்த்துவிட்டதும் அப்பாதான், இப்போது நிறுத்தப் பார்ப்பதும் அப்பாதான். காரணம் சொந்தக்காரர்கள். எவனெவனையோ தொட்டுக் கட்டுப்போடும் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று கல்யாண வீடுகளில் அப்பாவின் காதில் விழும்படியே பேசினார்கள். அப்பாவுக்கு நாலு பேர் பேச்சு என்றால் காய்ச்சலே வந்துவிடும்.

தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்கு மெட்ராஸில் கம்பெனி வேலை. "ரொம்ப நாகரிகமான குடும்பம் சார். ஆனா ஒண்ணு, பொண்ணு வேலைக்கெல்லாம் போறது அவங்களுக்குப் புடிக்காது. படிப்பையும் இதோட நிறுத்திக்கலாம்னு சொல்றாங்க" என்றார்.

"நிறுத்திட்டா போச்சு" என்றார் அப்பா. அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த டம்ளர் கீழே விழவில்லை, கண்ணில் தண்ணீர் வரவில்லை. கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

இனி ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு சரி. சோறு போட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. இப்போதைய பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கும். அப்போது இதை வைத்துத்தான் இரண்டு பக்கமும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், மத்தியானம் ஆகிவிடும். பசியோடு எப்படி அனுப்புவது? அப்பா அடி அண்ணாமலையிலிருந்து பெரியப்பாவை வரவழைத்து யோசனை கேட்டார். கேட்டார் என்பது பேச்சுக்குத்தான், முடிவை அவரே எடுத்துவைத்திருந்தார்.

"சைனீஸ் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்ண்ணா. அது நம்ம வீடும் இல்ல, அவங்க வீடும் இல்ல. கை நனைச்சதா ஆகாது. அங்க எல்லாரும் கரண்டியிலதான் சாப்பிடறாங்க, கையே படாது. புடிச்சா மேல பேசலாம், புடிக்கலன்னா யாருக்கும் கொறச்சல் இல்ல."

பெரியப்பா வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்குது. ஆனா நான் வரல. பாம்பு படம் போட்ட எடத்துல நான் துன்னமாட்டேன்."

அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. எதிர்வீட்டு அத்தை, ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டிருந்தவர், சில முள்கரண்டிகளை இரவல் கொடுத்தார். அம்மா தினம் சேமியா உப்புமா கிண்டுவாள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து முள்கரண்டியைக் குத்தி, சுற்றி, தூக்க வேண்டும். சேமியா எங்கே சுற்றுகிறது? ஒடிந்து ஒடிந்து விழும். அம்மாவுக்கு எரிச்சல். "சேமியாவ முள்ளுல குத்தித் துன்ற காலம் வந்துடுச்சு பாரு." அப்பா விடமாட்டார். எங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். அவர் விரல்கள் வியர்த்திருக்கும். ஜம்பத்துக்குச் செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அது ஜம்பம் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். அந்தப் பிரிவு உபசார விருந்தில் அப்பாவுக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாமல் கோழித் துண்டு பறந்துபோய் ஒரு அதிகாரியின் மடியில் விழுந்திருக்கிறது. அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பையன்கள்கூடச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தன் பெண் மேல் விழக் கூடாது என்றுதான் மனிதர் அத்தனை நாள் எங்களுக்குச் சேமியா தின்னக் கொடுத்தார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் கொஞ்சம் ஒழுங்காகச் சுற்றியிருப்போம்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தோம். எதிரே மலை. அக்கா தன் வெள்ளை யூனிபாரத்தை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் வேணாம்னு சொன்னா அப்பா கேக்கமாட்டாரு. அவங்க வாயாலயே வேணாம்னு வரணும்."

"எப்படிக்கா வரும்?"

"நாகரிகமான குடும்பமாச்சே. நாளைக்கு அந்த நூடுல்ஸ கையால பெசஞ்சு, மொழங்கை வரைக்கும் வழிய விட்டு, சத்தம் போட்டு உறிஞ்சித் துன்னப்போறேன். பாத்ததும் எழுந்து ஓடிடுவாங்க."

"அப்பா அடிப்பாருக்கா."

"அடிச்சிக்கட்டும். நீ யார்கிட்டயும் சொல்லாதடீ" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம் என்றால், படிப்பை விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டால் இனி அக்கா லீவுக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டில் போய் நிற்க முடியாதே என்ற துக்கம் இன்னொரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அப்பா காரை எதிர்பார்த்து வாசலில் நின்றார், அவர்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, தாய்மாமன். பையன் மெட்ராஸில் வேலை பார்த்தானே தவிர குடும்பம் இருந்தது போளூர் பக்கம் ஒரு கிராமத்தில். அதைத் தரகர் சொல்லவில்லை. பையனின் அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டி, எண்ணெய் வைத்து இறுக்கி வாரிக் கொண்டை போட்டிருந்தார். யாரும் அதிகம் பேசவில்லை. அக்கா காபி கொண்டுவந்து கொடுத்தாள், பாதி குடித்து வைத்தார்கள். அப்பா ஹோட்டல் பேச்சை எடுத்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள்.

கிளம்பும்போது அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே எவர்சில்வர் தூக்கு.

"இன்னா அது?" அப்பா பல்லைக் கடித்தார்.

"புளிசோறு. சின்னவ ஒருவேள அதத் துன்னலன்னா? பசி தாங்காது அது."

"அங்க வெளிச் சோறு கொண்டுபோகக் கூடாது, போர்டு போட்டிருக்கான்."

"நான் கால் கீழ வெச்சிக்கறேன், யாருக்குத் தெரியும்?" என்று அம்மா ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

கண்ணாடிக் கதவு, சில்லென்ற காற்று, கம்பள வாசனை. டை கட்டிய பேரர் நாற்காலியை இழுத்துவிட்டதும் பையனின் அம்மா பயந்து எழுந்துவிட்டார். பிறகு எல்லாரும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் அக்காவுக்குப் பக்கத்தில். அப்பா மெனு கார்டைப் பார்க்காமலேயே ஒப்பித்தார்: சூப், நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், மஞ்சூரியன். ஆவி பறக்க எல்லாம் வந்தது. கண்ணாடித் தட்டு சுற்றியது.

அதற்கப்புறம் மேசையில் ஒரு பேச்சில்லை. பையனின் அப்பா சூப்பை மட்டும் குடித்தார். தீர்ந்ததும் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். தாய்மாமன் ஃபிரைடு ரைஸைக் கரண்டியால் அள்ளி, உள்ளே ஏதாவது ஊர்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். பையன் முள்கரண்டியில் நூடுல்ஸைச் சுற்றிச் சுற்றித் தூக்குவான், வாய்க்குக் கிட்டே போகும்போது மொத்தமும் தட்டில் விழும். பயிற்சி எடுத்த நாங்கள் மட்டும் தேவலை. பையனின் அம்மா எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, டிராகனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அம்மா அப்பாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்தம்மாவுக்கு நம்மளப் புடிக்கல. மூஞ்சியப் பாருங்க."

அந்தக் குளிரிலும் அப்பாவின் நெற்றி வியர்த்தது. "சாப்பிடுங்கம்மா, நல்லா இருக்கும்" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

அப்போது அக்கா முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மேசைக்குக் கீழே என் காலை ஒரு தரம் மிதித்தாள். பிறகு மஞ்சூரியன் குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றி, வளையல் குலுங்க ஐந்து விரலையும் உள்ளே விட்டுப் பிசைந்தாள். ஒரு கை அள்ளி, தலையை அண்ணாந்து, வாய்க்குள் இறக்கி உறிஞ்சினாள் பாருங்கள், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். சிவப்புக் குழம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. அப்பாவின் கரண்டி நடுவழியில் நின்றுவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பையனின் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போயிற்று, முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவும் எழுந்துவிட்டார். அக்கா மட்டும் வாயில் தொங்கிய நூடுல்ஸோடு நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் ஜெயித்த களை.

"கை கழுவற எடம் எங்கம்மா?" என்றார் பையனின் அம்மா.

பேரர் காட்டிய பக்கம் போனார். ஈரக் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்ணாடித் தட்டைத் தன் பக்கம் சுற்றி நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டு, கையால் பிசைந்து, ஒரு வாய் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "பசியில உசிரே போச்சுங்க. காலையில அஞ்சாறு வாய் பழைய சோறு துன்னுட்டு பஸ் ஏறினது. இங்க இன்னாடான்னா கைய வெச்சா நம்மளத் தப்பா நெனப்பாங்களோன்னு உக்காந்திருந்தேன். நல்லவேள, இந்தப் பொண்ணு வழி காட்டிச்சு."

தாய்மாமன் கரண்டியை மேசையில் டங்கென்று போட்டார். "அப்பாடா" என்றார். பையன் முள்கரண்டியைத் தள்ளி வைத்தான். பையனின் அப்பா சூப்பிலிருந்து விடுதலையாகி மஞ்சூரியனுக்கு வந்தார். எல்லாருக்கும் பேச்சு வந்துவிட்டது. அறுவடை, பஸ், விலைவாசி. அப்பாவின் முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்காத ஒரு நிம்மதி. அவரும் முள்கரண்டியை விட்டுவிட்டுக் கையால் சாப்பிட்டார். அத்தனை நாள் சேமியா வீண்.

அக்கா மட்டும் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓட வேண்டியவர்கள் ஓடவில்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து கை கழுவப் போனாள். குழாயைத் திருப்ப நானும் பின்னால் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பையனின் அம்மாவும் எங்கள் பின்னால் வந்து நின்றார்.

வாஷ் பேசினுக்கு மேலே பெரிய கண்ணாடி. அதில் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அவர் அக்காவின் கையைப் பிடித்து, வளையலுக்குள் புகுந்திருந்த குழம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டார்.

"வேணும்னுதான அப்படித் துன்ன?"

அக்கா வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"பசிக்கறவ அப்படித் துன்னமாட்டா. எனக்குத் தெரியாதா? நானே பசியோடதான உக்காந்திருந்தேன். சொல்லு, என் புள்ளையப் புடிக்கலயா, இல்ல வேற இன்னா?"

அக்கா உடைந்துவிட்டாள். "நான் படிக்கணுங்க. பாதியில விட்டுடச் சொல்றாங்க. முடிச்சிட்டு நர்ஸா வேலைக்குப் போகணும். உங்களுக்கு வேலைக்குப் போற பொண்ணு புடிக்காதாமே."

"யாரு சொன்னது?"

"தரகர்."

அவர் குழாயை மூடினார். "அந்த ஆளு எங்ககிட்ட இன்னா சொன்னான் தெரியுமா? பொண்ணு வீட்ல ரொம்ப நாகரிகம், முள்ளுக்கரண்டி இல்லாம சோறே துன்னமாட்டாங்க, அவங்களுக்குப் பொண்ண வேலைக்கு அனுப்பற பேச்சே ஆகாது, வாயத் தொறக்காதீங்கன்னான். அதுக்குப் பயந்துதான் நாங்க யாரும் பேசல."

அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், ஏன் என்று புரியாமலேயே.

"எங்க ஊர்ல பிரசவம்னா மாட்டு வண்டிதான்" என்றார் அவர், குரலைத் தணித்து. "எனக்கு மூத்தது தங்கல. வழியிலயே போயிடுச்சு. ஒரு நர்ஸம்மா ஊர்ல இருந்திருந்தா…" முந்தானையால் அக்காவின் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படிப்பு கெடக்கட்டும் ஒரு பக்கம். என் புள்ளையப் புடிக்குதா, இல்லையா? புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு, நான் ஏதாவது சாக்கு சொல்லி எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன். உன் மேல பழி வராது."

அக்கா கதவிடுக்கு வழியாக மேசையைப் பார்த்தாள். பையன் தாடையில் ஒரு நூடுல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்க, அது தெரியாமல் என் அப்பா சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அக்கா நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"படிச்சு முடிச்சிட்டுன்னா… சரிங்க அத்த" என்றாள்.

மேசைக்குத் திரும்பியதும் அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தன் நாற்காலிக்குப் போகவில்லை. நேராக என் அம்மாவிடம் வந்தார்.

"ஏம்மா, ஆட்டோவுல வரும்போதே கேக்கணும்னு இருந்தேன். உன் பையில இருக்கறது புளிசோறுதான?"

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. காலால் பையை இன்னும் உள்ளே தள்ளினாள். "அது சின்னவளுக்குங்க."

"எனக்கு ஒரு வாய் குடு."

"வீட்ல செஞ்சதுங்க அது" என்றாள் அம்மா, தயங்கி. ஹோட்டல் சாப்பாடு கணக்கில் வராது. இது எங்கள் அடுப்பில் வெந்த சோறு. இதைத் தொட்டால் பேச்சு முடிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது தெரியும், எனக்கே தெரியும்.

"வீட்ல செஞ்சதுன்னுதான் கேக்கறேன்" என்றார் அவர்.

அம்மா தூக்கை மேலே எடுத்து மூடியைத் திறந்தாள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த மல்லாட்டையும் அந்த வினிகர் வாசனையை ஒரே தள்ளாகத் தள்ளியது. பேரர் எட்டிப் பார்த்தான். வாசல் பலகையைச் சொல்ல வாயெடுத்தவன், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் டம்ளர்களை அடுக்கினான். பையனின் அம்மா ஒரு கை அள்ளி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"இப்ப கை நனைச்சாச்சு. சம்பந்தம் முடிஞ்சுது" என்றார். "பொண்ணு படிப்ப முடிக்கட்டும். முடிச்சப்பறம் நாள் குறிச்சிக்கலாம்."

அப்பாவுக்குச் சந்தோஷமும் குழப்பமும் ஒன்றாக வந்தது. "முடிவானதே போதுங்க. படிப்ப நிறுத்திட்டு வர வைகாசியிலயே வெச்சிக்கலாமே. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க. பொண்ணு படிக்கறது எங்களுக்கும் வேணாம்னுதான்…"

பையனின் அம்மா அவரை முடிக்கவிடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நான் கை நனைச்சிட்டேங்க. இப்ப இவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்க வீட்டுப் பொண்ண படிக்க வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

வழக்கம் அப்பா பக்கம் இருந்தவரைக்கும் அவருக்குத் துணையாக இருந்தது, இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. தாய்மாமன் தூக்கைத் தன் பக்கம் இழுத்து, "சோறு நல்லா இருக்குதுங்க, எனக்கும் வைங்க" என்றார். அம்மா அதைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தாள். சீனத்துக் கிண்ணங்களுக்கு நடுவே எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு மெதுவாக ஒரு சுற்று வந்தது. என்னிடம் வரும்போது காலி. எனக்காகக் கொண்டுவந்த சோற்றில் எனக்கு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. முதல் நாளிலிருந்து தொண்டையில் நின்றுகொண்டிருந்தது இறங்கிவிட்டது, நூடுல்ஸைத் தட்டு தட்டாகச் சாப்பிட்டேன்.

அக்கா படிப்பை முடித்தாள். அதன் பிறகுதான் கல்யாணம். போளூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தாள். அக்காவின் மாமியார் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது அவர்தான் வாய்க்கு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அக்காதான் ஊட்டினாள், கையால். அப்பாவோ கடைசிவரை, "சைனீஸ் வாங்கிக் குடுத்தேன், சம்பந்தம் முடிஞ்சுது" என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. எதிர்வீட்டு அத்தைக்குத் திருப்பித் தராமல் விட்டுப்போன ஒரு முள்கரண்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊறுகாய் எடுக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் அக்காவின் பையனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டார் வேங்கிக்கால் ஊர்க்காரர்கள். எங்களை வீட்டுக்கு அழைக்கவில்லை, புதிதாக வந்திருக்கும் பெரிய ஹோட்டலில் சைனீஸ் ரெஸ்டாரண்ட்டுக்கு அழைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் கம்பள வாசனை, எனக்கு வயிறு கலங்கியது. முள்கரண்டிக்குப் பதில் இப்போது குச்சிகள். பெண்ணின் அப்பா எங்களுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. பெண் எதையும் தொடவில்லை. கைகள் மடியில் இருந்தன, தலை நிமிரவில்லை.

அக்கா குச்சிகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மற்றவர்களை விட்டுவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"கை கழுவற எடம் எங்கம்மா?"

பெண் எழுந்து முன்னால் நடந்தாள், அக்கா பின்னால் போனாள். பழக்கதோஷத்தில் நானும் பாதி எழுந்தேன், அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் அப்பா கலவரமாக என்னைப் பார்த்தார். "ஏதாவது தப்பா போயிடுச்சா மேடம்?"

"ஒண்ணும் தப்பா போகல. எதுவா இருந்தாலும் அது அங்க நல்லபடியா முடிஞ்சிடும்" என்றேன். கண்ணாடித் தட்டைச் சுற்றி நூடுல்ஸை அவர் பக்கம் கொண்டுவந்தேன். "நீங்க மொதல்ல அந்தக் குச்சிய கீழ வைங்க. கையாலயே சாப்பிடலாம்."